இன்டர்ஃபேஸ் காப்புரிமை க்ளெய்மில் எந்தச் சொல் நிற்கும், எது விழும்?

கேள்வி சுருக்கமாக இது. ஹோட்டல் சமையலறையில் வைக்கும் டேப்லெட்டுக்கு ஒரு ஆப் செய்திருக்கிறீர்கள். ஆர்டர் பட்டியலில் ஒரு வரியை ஊழியர் தொட்டுக்கொண்டிருக்கும்போது புதிய ஆர்டர் வந்தால் பட்டியல் குதிக்காது. விரலை எடுத்த பிறகுதான் புதியது உள்ளே சேரும். இதற்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை கேட்கப் போகிறீர்கள். உங்கள் குழு எழுதிய முதல் வரைவில் க்ளெய்ம், அதாவது எதன் மேல் உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாசகம், இப்படி இருக்கிறது:

“புதிய ஆர்டர்களைப் பயனரின் கவனத்தைக் கலைக்காமல், பார்வைக்கு இதமான முறையில், உடனடியாகக் காட்டும் அறிவிப்பு மாட்யூல் கொண்ட அமைப்பு, இதில் பயனர் அந்த ஆர்டரைத் தொட்டு ஏற்கிறார் அல்லது மறுக்கிறார்.”

படித்தால் யாருக்கும் புரிகிறதே, வக்கீல் ஏன் பாதிக்கு மேல் அடித்துவிட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

புரிவது வேறு, எல்லை தெரிவது வேறு. நிலப் பத்திரத்தில் செக்குபந்தி செய்யும் வேலையைத்தான் காப்புரிமையில் க்ளெய்ம் செய்கிறது. கண்டுபிடிப்பை விளக்கும் ஸ்பெசிஃபிகேஷன் எத்தனை பக்கம் இருந்தாலும், நாளை ஒருவர் உங்கள் உரிமையை மீறினாரா இல்லையா என்பதை க்ளெய்மில் உள்ள சொற்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். போட்டியாளரின் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் க்ளெய்மை வரி வரியாகப் படித்து, “இது இருக்கிறது, இது இல்லை” என்று ஒரு மூன்றாம் மனிதர் சொல்ல முடியவேண்டும். உங்கள் வரைவில் ஐந்து இடத்தில் அது முடியாது. அவற்றில் நான்குக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் ஏறக்குறைய அதே சொற்களோடு தீர்ப்புகளே இருக்கின்றன.

முதலில் “கவனத்தைக் கலைக்காமல்”. மைக்ரோசாஃப்டின் இணை நிறுவனர் பால் ஆலன் தொடங்கிய இன்டர்வல் ரிசர்ச் ஆய்வகத்திலிருந்து வந்த இரண்டு காப்புரிமைகள் உண்டு. கணினித் திரையில் சும்மா கிடக்கும் இடத்திலும், யாரும் வேலை செய்யாத நேரத்திலும் செய்தியோ படமோ காட்டுவதுதான் யோசனை. இவற்றை வைத்து இன்டர்வல் லைசென்சிங் என்ற நிறுவனம் ஏஓஎல், ஆப்பிள், கூகுள், யாகூ ஆகியவற்றின் மேல் வழக்குப் போட்டது. க்ளெய்மில் இருந்த முக்கியமான சொற்றொடர், பயனரைத் தொந்தரவு செய்யாத, கவனத்தைத் திருப்பாத முறையில் காட்டுவது என்பது. காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 2014 செப்டம்பரில் அந்த க்ளெய்ம்கள் தெளிவற்றவை என்ற தீர்ப்பை உறுதி செய்தது. ஒருவருக்குத் தொந்தரவாக இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. அளந்து பார்க்க ஸ்பெசிஃபிகேஷனில் எந்த அளவுகோலும் இல்லை என்பது காரணம்.

அந்த வழக்கில் ஒரு சின்ன விஷயம் கவனிக்கத்தக்கது. ஸ்பெசிஃபிகேஷனில் ஓர் இடத்தில் “எடுத்துக்காட்டாக” என்று போட்டு, பயனரின் முக்கிய வேலை நடக்காத திரைப்பகுதியில் காட்டுவது என்று எழுதியிருந்தார்கள். அதையே விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று காப்புரிமைக்காரர்கள் வாதாடினார்கள். எடுத்துக்காட்டு என்று நீங்களே சொன்னதை ஒரே பொருளாக எப்படி எடுத்துக்கொள்வது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. “இந்த ஆவணத்தில் இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள்” என்று ஒரு வரி எழுதியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்க வாய்ப்பு உண்டு.

அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாட்டிலஸ் எதிர் பயோசிக் வழக்கில் அளவுகோலையே இறுக்கியிருந்தது. அதுவரை, எவ்வளவு முயன்றும் பொருள் கொள்ளவே முடியாத க்ளெய்ம்தான் விழும். அதன் பிறகு, அந்தத் துறை தெரிந்தவருக்கு எல்லை நியாயமான நிச்சயத்தோடு தெரியாவிட்டாலே விழும்.

அடுத்து “பார்வைக்கு இதமான”. டேட்டமைஸ் எதிர் பிளம்ட்ரீ, 2005. கியோஸ்க், அதாவது பொது இடத்தில் வைக்கும் தகவல் சாதனம், அதன் திரைகளை வடிவமைக்கும் மென்பொருள் பற்றிய காப்புரிமை. உருவாகும் திரைக்கு அழகான தோற்றம் இருக்கவேண்டும் என்று க்ளெய்மில் எழுதியிருந்தார்கள். யார் கண்ணுக்கு அழகு? திரையை வடிவமைத்தவர் அழகு என்று நினைத்தால் போதும் என்று வாதாடிப் பார்த்தார்கள், செல்லவில்லை. ஒரு தனி மனிதரின் கட்டற்ற ரசனையைப் பொறுத்து எல்லை மாறக்கூடாது என்றது நீதிமன்றம்.

மனிதப் புலன் சம்பந்தப்பட்ட எல்லாச் சொல்லும் விழுந்துவிடும் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017இல் சோனிக்ஸ் டெக்னாலஜி வழக்கில், புத்தகப் பக்கத்தில் அச்சிடும் சின்னப் புள்ளிகள் “கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாதவை” என்ற சொற்றொடர் தப்பித்தது. சராசரிக் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது ரசனை இல்லை, சோதித்துப் பார்க்கக்கூடியது. ஸ்பெசிஃபிகேஷனிலும் போதுமான எடுத்துக்காட்டுகள் இருந்தன. ஆகவே கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது பற்றிய சொல் என்றால் சோதனையைச் சேர்த்து எழுதுங்கள். விருப்பம், வசதி, அழகு பற்றிய சொல் என்றால் க்ளெய்மிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றை ஸ்பெசிஃபிகேஷனில் பயன்களைச் சொல்லும் இடத்தில் தாராளமாக எழுதலாம்.

“உடனடியாக” பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெட்வொர்க் தாமதம் உள்ள ஆப்பில் உடனடி என்று எதுவும் இல்லை. எது நடந்ததும் எது நடக்கிறது என்று வரிசையைச் சொன்னால் போதும். நேரமே முக்கியம் என்றால் எண்ணைப் போடுங்கள். அதிலும் உங்கள் ஆப்பின் விஷயம் புதியதைத் தாமதித்துக் காட்டுவது. அதற்கு இந்தச் சொல் நேர் எதிரி.

“அறிவிப்பு மாட்யூல்” என்பதில் சிக்கல் வேறு வகை. அமெரிக்கச் சட்டத்தில், ஒரு பாகத்தை அதன் அமைப்பால் சொல்லாமல் அது செய்யும் வேலையால் மட்டும் சொன்னால், ஸ்பெசிஃபிகேஷனில் அந்த வேலைக்கு என்ன வழி காட்டியிருக்கிறீர்களோ அதுவும் அதற்குச் சமமானதும் மட்டும்தான் உங்களுடையது. வழி எதுவும் காட்டவில்லை என்றால் க்ளெய்மே தெளிவற்றது. 2015இல் வில்லியம்சன் எதிர் சிட்ரிக்ஸ் வழக்கில், மெய்நிகர் வகுப்பறை பற்றிய காப்புரிமையில் வந்த “கற்றல் கட்டுப்பாட்டு மாட்யூல்” இப்படித்தான் விழுந்தது. மாட்யூல் என்பது உள்ளே எதுவும் இல்லாத ஒரு பெயர், அதைச் செய்வதற்கான அல்காரிதம், அதாவது படிப்படியான வழி, ஸ்பெசிஃபிகேஷனில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2018இல் ஜீரோக்ளிக் எதிர் ஆப்பிள் வழக்கில் “ப்ரோக்ராம்”, “யூசர் இன்டர்ஃபேஸ் கோட்” ஆகிய சொற்களைக் கீழ் நீதிமன்றம் அதே கூடையில் போட்டபோது, வேலையைச் சொல்லும் சொல் என்பதற்காக மட்டும் அப்படி முடிவு கட்டக்கூடாது என்று ஃபெடரல் சர்க்யூட் திருப்பி அனுப்பியது. இதை நம்பி நீங்கள் துணிய வேண்டாம். செயலி, நினைவகம், அதில் உள்ள கட்டளைகள் என்று எழுதுங்கள். அப்புறம் அந்தக் கட்டளைகள் செய்வதைப் படிப்படியாகச் சொல்லுங்கள், ஸ்பெசிஃபிகேஷனில் ஃப்ளோசார்ட்டும் வையுங்கள்.

கடைசியாக “பயனர் தொட்டு ஏற்கிறார்”. பார்க்க அப்பாவியான வாக்கியம், ஆனால் மொத்த க்ளெய்மையும் கொன்றுவிடக்கூடியது. ஐபிஎக்ஸ்எல் எதிர் அமேசான், 2005: க்ளெய்ம் ஓர் அமைப்பைப் பற்றியது, நடுவில் “பயனர் உள்ளீட்டுக் கருவியைப் பயன்படுத்தி மாற்றுகிறார் அல்லது ஏற்கிறார்” என்று ஒரு வரி. இப்படி எழுதினால் மீறல் எப்போது நடக்கிறது? அமைப்பைச் செய்து விற்றபோதா, வாங்கியவர் பொத்தானை அழுத்தியபோதா? இரண்டையும் கலந்ததால் எல்லை தெரியவில்லை என்று தள்ளிவிட்டார்கள். 2017இல் மாஸ்டர்மைன் எதிர் மைக்ரோசாஃப்ட் வழக்கில் பயனரின் தேர்வை “பெறும்” மாட்யூல் என்று எழுதியிருந்தது, அது நின்றது. அங்கே சொன்னது அமைப்பின் திறனை. பயனரின் செயலை அல்ல. இதையே செய்முறை க்ளெய்மாக எழுதினால் வேறு தொல்லை வரும். பாதிப் படிகளை உங்கள் போட்டியாளரின் சர்வரும் மீதியை ஹோட்டல் ஊழியரும் செய்தால், யார் மீறியவர் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

இதைச் சரியாகச் செய்த க்ளெய்ம் பார்க்கவேண்டுமென்றால் ஆப்பிளின் ஸ்லைடு டு அன்லாக் காப்புரிமையைப் பாருங்கள், எண் 8,046,721. விரலை நகர்த்துவது முழுக்க முழுக்க மனிதச் செயல். ஆனால் க்ளெய்ம் எப்படிப் போகிறது? அன்லாக் படத்துக்குரிய முதல் இடத்தில் தொடுதலைக் கண்டறிவது; தொடுதல் விடாமல் நீடிக்கும்வரை, கண்டறிந்த தொடுதலின் நகர்வுக்கு ஏற்ப அந்தப் படத்தைத் தொடர்ந்து நகர்த்துவது; படம் குறித்த பகுதிக்கு வந்தால் சாதனத்தைத் திறப்பது. எல்லா வினையும் சாதனத்தின் வினை. விரல் என்ற சொல்லும் இல்லை, எளிது, இயல்பு என்ற சொற்களும் இல்லை. தெளிவாக எழுதியதால் மட்டும் ஒரு காப்புரிமை பிழைத்துவிடாது என்பதற்கும் இதுவே சாட்சி: இதன் ஐரோப்பியக் காப்புரிமையின் ஜெர்மன் பகுதியை ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்துவிட்டது. அது, முன்பே இருந்ததிலிருந்து எளிதில் தோன்றக்கூடியதா என்ற வேறு கேள்வி, அதை இங்கே எடுக்கவில்லை.

இதுவரை சொன்னவை கண்ணில் படும் மங்கல் சொற்கள். எனக்கு அதிகக் கவலை தருவது, தெளிவாகத் தெரிந்து பின்னால் இரண்டாகப் பிளக்கும் சொற்கள். உங்கள் விஷயத்துக்கு மிக நெருக்கமான வழக்கு ஒன்று இருக்கிறது.

ஃப்யூச்சர்ஸ், அதாவது பின்னாள் தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள், அவற்றின் வர்த்தகத் திரையில் விலைகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு விலையைப் பார்த்து மவுஸை அழுத்தும் நொடியில் அந்தக் கட்டத்தில் வேறு விலை வந்து நின்றால், வேண்டாத விலைக்கு ஆர்டர் போய்விடும். ட்ரேடிங் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் தீர்வு, விலைப் பத்தியை அசையாமல் நிறுத்தி, வாங்குவோர் விற்போர் எண்ணிக்கைகளை மட்டும் அதன் பக்கத்தில் ஏறி இறங்கவிடுவது. உங்கள் சமையலறைப் பிரச்சினையும் கிட்டத்தட்ட இதுதான், இல்லையா? அவர்கள் க்ளெய்மில் போட்ட சொல் “ஸ்டாட்டிக்”, அதாவது அசையாத விலைப் பத்தி. இதைவிடத் தெளிவான சொல் உண்டா?

போட்டியாளர் ஈஸ்பீட் தன் தயாரிப்புகள் சிலவற்றில் விலைப் பத்தியைத் தானாகவே நடுவுக்குக் கொண்டுவரும்படி செய்திருந்தது. அசையாதது என்றால் எப்போதும் அசையாததா, எப்போதாவது தானாக நகரலாமா? ஸ்பெசிஃபிகேஷனில், நடுவுக்குக் கொண்டுவரும் கட்டளை வந்தாலொழிய விலைகள் “வழக்கமாக” இடம் மாறாது என்று எழுதியிருந்தார்கள். அந்த “வழக்கமாக” அவர்களைக் காப்பாற்றவில்லை. கையால் கொடுக்கும் கட்டளை இல்லாமல் இடம் மாறாதது என்றுதான் பொருள் என்று 2010இல் ஃபெடரல் சர்க்யூட் உறுதி செய்தது. தானாக நகரும் அந்தத் தயாரிப்புகள் தப்பித்துவிட்டன. நீங்கள் “பட்டியல் குதிக்காது” என்று எழுதுவதும் இதே இடத்தில்தான் போய் நிற்கும். எந்த நிகழ்வால் நகரக்கூடாது, எந்த நிகழ்வால் நகரலாம் என்று பிரித்துச் சொல்லாவிட்டால், அந்தப் பிரிவினையை இன்னொருவர் உங்களுக்காகச் செய்துவிடுவார்.

இன்னொன்று கோர் வயர்லெஸ் எதிர் எல்ஜி, 2018. சின்னத் திரையில் மெனுவிலிருந்தே ஒரு சுருக்கப் பட்டியலைத் திறந்து, ஆப்பைத் திறக்காமலே அதில் உள்ள சில தகவல்களைப் பார்க்க வைக்கும் இன்டர்ஃபேஸ். க்ளெய்மில், ஆப்கள் “திறக்கப்படாத நிலையில்” இருக்கும்போது என்று ஒரு சொற்றொடர். எல்ஜி, அப்படியென்றால் ஆப் ஓடவே கூடாது என்றது. ஃபோனில் ஆப்கள் பின்னணியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் அந்தப் பொருள் நின்றால் எல்ஜி வெளியே. கோர் வயர்லெஸ், திரையில் காட்டப்படாத நிலை என்று பொருள் என்றது. கோர் வயர்லெஸ் சொன்னதே நின்றது, ஆனால் மூன்று நீதிபதிகளில் ஒருவர் எல்ஜி பக்கம். “திரையில் காட்டப்படாத” என்றே முதலில் எழுதியிருந்தால் இந்தப் பயமே இல்லை. மற்றபடி இது நல்ல க்ளெய்ம். எந்தத் தகவலை, எங்கிருந்து, எந்த நிலையில் காட்டுவது என்று குறிப்பாகச் சொன்னதால்தான், இது வெறும் கருத்து, காப்புரிமைக்கு ஏற்றதல்ல என்ற எல்ஜியின் வாதமும் அதே தீர்ப்பில் தோற்றது.

இலக்கணச் சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் “அட் லீஸ்ட் ஒன் ஆஃப்” (இவற்றில் குறைந்தது ஒன்று) என்று தொடங்கி நான்கைச் சொல்லி “அண்ட்” போட்டு முடிக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. டிவி நிகழ்ச்சி வழிகாட்டித் திரை பற்றிய சூப்பர்கைடு வழக்கில் (2004) தொடக்க நேரம், முடியும் நேரம், சேனல், நிகழ்ச்சி வகை என்ற நான்கையும் அப்படி எழுதியிருந்தார்கள். நான்கில் ஏதாவது ஒன்று போதும் என்பது அவர்கள் எண்ணம். நான்கு வகையிலும் குறைந்தது ஒவ்வொன்று வேண்டும் என்று நீதிமன்றம் படித்தது. எது வேண்டுமோ அதை விரித்து எழுதுங்கள், இரண்டு வரி கூடினாலும் பரவாயில்லை.

சரி, உங்கள் க்ளெய்முக்கு வருவோம். தமிழில் எழுதிக் காட்டுகிறேன், தாக்கல் செய்வது ஆங்கிலத்தில் என்றாலும் கட்டமைப்பு இதுதான்:

“தொடுதிரையும், செயலியும், கட்டளைகள் உள்ள நினைவகமும் கொண்ட சாதனம். அந்தக் கட்டளைகளைச் செயலி இயக்கும்போது சாதனம், ஆர்டர் வரிகளின் பட்டியல் ஒன்றைத் தொடுதிரையில் காட்டும். அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வரியின் மேல் தொடுதலைக் கண்டறியும். அந்தத் தொடுதல் நீடிக்கும்போது புதிய ஆர்டர் ஒன்றைப் பெற்றால், அதைப் பெற்றதன் காரணமாக அந்தப் பட்டியலில் எந்த வரியின் இடத்தையும் மாற்றாமல், அந்தப் புதிய ஆர்டரை நினைவகத்தில் நிறுத்தி வைக்கும். அந்தத் தொடுதல் முடிந்ததைக் கண்டறிந்து, முன்பே குறித்த கால இடைவெளி கழிந்த பிறகு, அந்தப் புதிய ஆர்டருக்கான வரியை அந்தப் பட்டியலில் சேர்க்கும்.”

“அதைப் பெற்றதன் காரணமாக” என்ற மூன்று சொல்லைக் கவனியுங்கள். அவை இல்லாவிட்டால், ஊழியர் விரலை வைத்தபடி பட்டியலை மேலே தள்ளினால் வரிகள் இடம் மாறும். உடனே போட்டியாளர் “என் ஆப்பில் தொடுதல் நீடிக்கும்போது வரிகள் நகர்கின்றன, ஆகவே மீறல் இல்லை” என்பார். ஸ்டாட்டிக் கதை அப்படியே திரும்பும். “வரியின் இடம்” என்றால் திரையின் மேல் விளிம்பிலிருந்து அந்த வரிக்கு உள்ள தூரம் என்று ஸ்பெசிஃபிகேஷனில் வரையறை போடுங்கள். “புதிய ஆர்டர்” என்று தொடங்கிவிட்டால் கடைசிவரை அதே பெயர்தான். நடுவில் “வரும் ஆர்டர்”, “அறிவிப்பு” என்று மாற்றினால் வேறு பொருளைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறீர்கள். பள்ளியில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்று பழக்கியிருப்பார்கள், இங்கே அதை மறந்துவிடுங்கள்.

உங்கள் ஆப்பில் காத்திருக்கும் ஆர்டர்களின் எண்ணிக்கையைக் கீழே ஒரு பட்டையில் காட்டுகிறீர்கள். அதை முதல் க்ளெய்மில் நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. சேர்த்தால், எண்ணுக்குப் பதில் சிவப்புப் புள்ளி காட்டுபவர் தப்பிவிடுவார். பட்டை, எண்ணிக்கை, கால இடைவெளியின் அளவு, இவற்றையெல்லாம் முதல் க்ளெய்மைச் சார்ந்த துணை க்ளெய்ம்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். முதலாவது விழுந்தாலும் அவற்றில் ஒன்று நிற்கலாம். விரிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக மங்கலாக எழுதுவது பலர் செய்வது. மேலே உள்ள க்ளெய்மில் நிறமோ வடிவமோ ஹோட்டலோ சமையலறையோ இல்லை, விரிவாகவே இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் சாதனத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

இந்தியப் பக்கம் சில வார்த்தை. நம் காப்புரிமைச் சட்டம் 1970இன் பிரிவு 10(5), க்ளெய்ம் தெளிவாகவும் சுருக்கமாகவும் ஸ்பெசிஃபிகேஷனை ஆதாரமாகக் கொண்டும் இருக்கவேண்டும் என்கிறது. ஆனால் இன்டர்ஃபேஸ்காரர்களுக்கு முதல் அடி பெரும்பாலும் பிரிவு 3இலிருந்து வரும்: 3(கே) வெறும் கணினி நிரலை விலக்குகிறது, 3(என்) தகவலைக் காட்சிப்படுத்துவதை விலக்குகிறது. “பயனர் எளிதாகப் படிக்கும்படி காட்டும்” என்று எழுதினால் நீங்களே போய் 3(என்) வாசலில் நிற்கிறீர்கள். 2019இல் ஃபெரிட் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவு இருந்தால் கணினி நிரலை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்பையும் மறுக்க முடியாது என்றது. ஆகவே உள்ளீடு எந்த வரிக்குப் போய்ச் சேருகிறது, தவறான வரியில் பதிவாவது எப்படித் தடுக்கப்படுகிறது, நினைவகத்தில் என்ன நடக்கிறது என்று சாதனத்தின் பக்கத்திலிருந்து சொல்லுங்கள். திரையின் தோற்றம்தான் உங்கள் சொத்து என்றால் அதற்கு டிசைன் பதிவு பற்றி வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள், க்ளெய்முக்குள் அதைத் திணிக்க வேண்டாம்.

வரையறைகளை எல்லாம் தாக்கல் செய்யும் நாளுக்கு முன்பே எழுதிவிடுங்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் எக்ஸாமினர் ஆட்சேபம் எழுப்பிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது: முதலில் கொடுத்த ஆவணத்தில் இல்லாத புதிய விஷயத்தை அமெரிக்காவிலும் சேர்க்கவிட மாட்டார்கள், இங்கே பிரிவு 59உம் விடாது. இந்தியாவில் வசிக்கும் நீங்கள் நேராக அமெரிக்காவில் தாக்கல் செய்யவும் கூடாது. பிரிவு 39இன்படி, இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்க வேண்டும். இங்கேதான் முதலில் போடுவீர்கள் என்றால், அமெரிக்க க்ளெய்முக்குத் தேவையான வரையறையும் ஃப்ளோசார்ட்டும் அந்த இந்திய விண்ணப்பத்திலேயே இருக்கட்டும். முன்னுரிமைத் தேதி, அதாவது முதல் விண்ணப்பத்தின் தேதியையே பின்னால் போடும் அமெரிக்க விண்ணப்பத்துக்கும் கோரும் வசதி, கிடைப்பது அதில் உள்ளதற்கு மட்டும்தான்.